முதுகு மாறிய கார்டு

கத்திரி வெயில் உச்சியில் இருந்த ஒரு மத்தியானம் என் தம்பி மகன் பிரஸ்ஸுக்கு வந்தான். ஆறாவது முடித்துவிட்டு லீவில் இருந்தான். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு கார்டை எடுத்து, என் கீபோர்டுக்குப் பக்கத்தில் பூப்போல வைத்தான்.

"அத்தை, இது மூணு கோடி."

போக்கிமான் கார்டு, பிள்ளைகள் சேர்த்து வைத்து ஆடுகிற கார்ட்டூன் சீட்டு. ஆரஞ்சு உடம்பும் இறக்கையுமாக நெருப்பைக் கக்கும் சாரிசார்ட். தோட்டப்பாளையம் பக்கம் ஒரு கடையில் வாங்கிய பத்து ரூபாய் பாக்கெட்டில் இருந்ததாம்.

அவன் போனில் பார்த்த செய்தி பொய்யில்லை. 1999-இல் அமெரிக்காவில் வந்த முதல் பதிப்பு சாரிசார்ட் ஒன்று, தரத்துக்குப் பத்துக்குப் பத்து வாங்கியது, 2022 மார்ச்சில் 4,20,000 டாலருக்கு ஏலம் போனது. நம் பணத்தில் மூன்று கோடிக்கு மேல்.

நான் 19 வருடமாக வேலூரில் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் டிசைன் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா அழைப்பு, ஸ்வீட் பாக்ஸ், பள்ளிக்கூட டைரி. அச்சடித்த எதைக் கையில் எடுத்தாலும், படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதை எப்படி அடித்தார்கள் என்றுதான் என் கண் போகும். டிராயரைத் திறந்து லென்ஸை எடுத்தேன்.

லென்ஸ் வைத்துப் பார்த்தால் எந்தக் கலர் படமும் படமாக இருக்காது. நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு என்று நாலு மைப் புள்ளிகள் சின்னச் சின்ன ரோஜாப்பூ மாதிரி வட்டம் கட்டி நிற்கும். அது நிஜக் கார்டிலும் இருக்கும், போலியிலும் இருக்கும். வித்தியாசம் எழுத்தில் தெரியும். கம்பெனிக்காரர்களிடம் எழுத்து எழுத்தாகவே ஃபைலில் இருக்கிறது. அது கருப்பு மைக்கான பிளேட்டில், அதாவது அச்சுத் தகட்டில், மட்டும் விழும், ஓரம் பிசிறில்லாமல் நிற்கும். போலி அடிப்பவரிடம் அந்த ஃபைல் இல்லை. நிஜக் கார்டை ஸ்கேன் பண்ணி அடிக்கிறார். ஸ்கேன் பண்ணினால் எழுத்தும் படத்தோடு படமாகி நாலு பிளேட்டிலும் சிதறிவிடும். இவன் கொண்டுவந்ததில் பெயர் எழுத்தைச் சுற்றி நீலமும் சிவப்பும் குங்குமம் கொட்டின மாதிரி தூவிக் கிடந்தது.

சரி, ஒரே சோதனையில் பிள்ளை மனசை உடைக்க வேண்டாம் என்று போன் டார்ச்சைப் போட்டு கார்டுக்குப் பின்னால் பிடித்தேன். வெளிச்சம் அப்படியே இந்தப் பக்கம் வழிந்தது. நிஜக் கார்டு இப்படி வெளிச்சத்தை விடாது. நல்ல சீட்டுக்கட்டு மாதிரி, இரண்டு தாளுக்கு நடுவில் ஒரு கரும் அடுக்கு வைத்து ஒட்டியிருப்பார்கள். எதிரில் உட்கார்ந்து ஆடுகிறவர் விளக்கு வெளிச்சத்தில் நம் கையில் இருப்பதைப் பார்த்துவிடக் கூடாதே, அதற்காக. கார்டை நிமிர்த்தி ஓரத்தைப் பார்த்தால் பென்சில் கோடு போட்ட மாதிரி அந்த அடுக்கு தெரியும்.

அவன் ஒன்றும் பேசவில்லை. கைக்குட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தான். எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. "உங்க மாமா கொடுத்தது வீட்ல இருக்கில்ல, அதைக் கொண்டா" என்றேன்.

அவன் மாமா அமெரிக்காவில் இருந்து வந்தபோது கொடுத்த பாக்கெட்டில் பளபளவென்று ஒரு கார்டு இருந்தது. மறுநாள் அதையும் எடுத்து வந்தான். அது நிஜம். ஆனால் வாங்கியபோது தட்டையாக இருந்தது, வேலூருக்கு வந்து அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது என்று அவனுக்குக் கவலை. அது எங்களுக்குப் பழகின விஷயம். ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் போட்ட அட்டையை மே மாதத்தில் மேஜை மேல் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது சுருண்டு கிடக்கும். பளபளப்புத் தாள் பிளாஸ்டிக் ஜாதி, ஈரம் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. காகிதம் அப்படி இல்லை, காற்று காய்ந்தால் தானும் சுருங்கும். இங்கே மே மாதக் காற்றில் என்ன ஈரம் இருக்கிறது? முதுகுப் பக்கக் காகிதம் சுருங்கி இழுக்க, படம் இருக்கும் பக்கம் வயிறு தள்ளிக்கொண்டது. "ஐப்பசி மழையில எடுத்துப் பாரு, எதிர்ப்பக்கம் வளையும்" என்றேன். அதற்குள் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைக்கச் சொன்னேன்.

அந்த லீவு முழுக்க அவன் தினமும் பிரஸ்ஸுக்கு வந்தான். நானும் என் ஆசைக்குப் படித்ததையெல்லாம் அவனிடம் கொட்டினேன். எனக்கும் இது பழைய பைத்தியம்தான். நான் பிறந்தது குடியாத்தம். அம்மா வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டுவார். கம்பெனியில் இருந்து லேபிள் கட்டுக் கட்டாக வரும். கோந்து தடவி அம்மா ஒட்ட ஒட்ட, கிழிந்தது, அச்சு விலகியது எல்லாம் எனக்கு. சிங்கத்துக்குச் சிவப்பு நாக்கு வாய்க்குள் இல்லாமல் தாடையில் விழுந்த லேபிள் ஒன்று என் மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டில் நடுப்பக்கத்தில் ஒட்டியிருந்தது. நல்ல லேபிள் ஆயிரம் வரும், அந்த மாதிரி ஒன்றுதான் வந்தது. தம்பிக்கு அந்த வயதில் மல்யுத்த வீரர் கார்டு. உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ், எத்தனை சண்டை, எத்தனை வெற்றி. எடை என்று கேட்டால் யோகோசூனாவை யாரும் அடிக்க முடியாது. தம்பி அந்தக் கட்டை ரப்பர் பேண்டு போட்டு இடுப்பில் செருகிக்கொண்டே தூங்குவான்.

இந்தக் கார்டு விஷயம் ஆரம்பித்ததும் தீப்பெட்டி மாதிரி ஒரு பெட்டிக்குள்தான். 1880-களில் அமெரிக்காவில் சிகரெட் மெல்லிய காகிதப் பாக்கெட்டில் வந்தது. பைக்குள் போட்டால் நசுங்கிவிடும். நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு அட்டைத் துண்டு வைத்தார்கள். வெறும் அட்டையாக எதற்கு வைக்க வேண்டும் என்று அதில் நடிகைகளையும் விளையாட்டு வீரர்களையும் அடித்தார்கள். அப்புறம் சிகரெட் போய் பபிள்கம் வந்தது. டாப்ஸ் கம்பெனி 1952-இல் 407 கார்டு கொண்ட பேஸ்பால் வரிசை ஒன்று போட்டது. அதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் சை பெர்கர். முன்பக்கம் ஆள், பெயர், கையெழுத்து, டீம் சின்னம். பின்பக்கம் ஆளைப் பற்றி நாலு வரியும் கணக்கும். இன்றைக்கு வரைக்கும் எல்லாக் கார்டுக்கும் அதுதான் தாய் அச்சு. இரண்டரைக்கு மூன்றரை அங்குலம் என்ற அளவும் அதே கம்பெனி 1957-இல் கொண்டுவந்தது. போக்கிமான் கார்டை என் ஸ்கேலில் வைத்தேன். 63 மில்லி அகலம், 88 மில்லி உயரம். கிட்டத்தட்ட அதே அளவுதான்.

"ஒரு கார்டு மட்டும் ஏன் கிடைக்கவே மாட்டேங்குது?" என்று கேட்டான். எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. காரணம் பிளேட் போடும்போதே உள்ளே போய்விடுகிறது. யாரும் கார்டை ஒவ்வொன்றாக அடிப்பதில்லை, பெரிய தாளில் கட்டம் கட்டமாக அடிக்கிறார்கள். 1993-இல் வந்த மேஜிக் என்ற கார்டு விளையாட்டுக்கு ஒரு தாளில் 11-க்கு 11, அதாவது 121 கார்டு. சாதாரணக் கார்டுக்கு ஒரு தாள், நடுத்தரத்துக்கு ஒரு தாள், அரிய கார்டுக்கு ஒரு தாள். ஒரு பாக்கெட்டில் 15 கார்டு போட்டால் சாதாரணத் தாளில் இருந்து 11, நடுத்தரத்தில் 3, அரியதில் ஒன்றே ஒன்று. மெஷினுக்கு எல்லாத் தாளும் ஒன்றுதான், அதே மை, அதே அட்டை. எந்தப் படம் எந்தத் தாளில், எத்தனை கட்டத்தில் என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு பண்ணுகிறார் பாருங்கள், அங்கேதான் அருமை பிறக்கிறது. பத்திரிகை பிளேட் போடும்போது தாள் வீணாகக் கூடாது என்று மூலையில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகுவேனே, அதே வேலை.

ஆனால் மனிதர்கள் போடும் கணக்கைக் காலம் கலைத்துவிடும். அந்த 1952 வரிசையில் மிக்கி மாண்டில் கார்டு தாளில் இரண்டு கட்டத்தில் இருந்தது. பக்கத்துக் கார்டுகளைவிட இரண்டு மடங்கு அடித்தார்கள். ஆனால் வரிசையின் கடைசிப் பகுதி கடைக்கு வரும்போது பேஸ்பால் பருவமே முடிந்துகொண்டிருந்தது. விற்காமல் கிடங்கில் தேங்கியது. 1960 வாக்கில் சை பெர்கரே அந்தப் பெட்டிகளைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டு வந்தார். 2022 ஆகஸ்டில் அந்த மாண்டில் கார்டு ஒன்று ஒரு கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. இதைச் சொன்னபோது பையன் வெகு நேரம் கடலைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தான். எவ்வளவு ஆழம், மீன் தின்னுமா, மை கரையுமா என்று.

எங்கள் பிரஸ்ஸில் கட்டிங் பார்க்கிற பாய்க்கு அறுபதைத் தாண்டிவிட்டது. அவரிடம் பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு கதையைச் சொன்னபோதுதான் இந்த உலகத்தில் எனக்கே ஒரு கதவு திறந்தது. 1909-லிருந்து 1911 வரை சிகரெட்டோடு வந்த வரிசை அது. வாக்னர் தன் படம் போட ஒப்பவில்லை, சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு அறுபது கார்டு வாக்கில்தான் மிச்சம் என்று சொல்கிறார்கள். அதில் ஒன்று மட்டும் நேற்று வெட்டின மாதிரி கூர் மூலையோடு இருந்தது. 1991-இல் ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் இன்னொருவரும் சேர்ந்து 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். அதே ஆண்டு கலிபோர்னியாவில் கார்டுக்குத் தரம் போடுவதற்கென்றே பிஎஸ்ஏ என்ற நிறுவனம் தொடங்கியது. அவர்கள் தரம் போட்ட முதல் கார்டு அதுதான். பத்துக்கு 8.

பாய் பிளேடைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "நூறு வருசத்துக் கார்டுக்கு மூலை எப்படிம்மா கூரா இருக்கும்? எவனோ வெட்டிக்கீறான்."

அதேதான். 1980-களில் அதை வைத்திருந்து விற்ற ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, ஓரத்தை வெட்டியது தான்தான் என்று 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 22 வருடம் உலகம் நம்பியதை பாய் நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டார். எப்படி என்று கேட்டேன். குப்பைக் கூடையில் இருந்து பழைய காலண்டர் அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். பழைய ஓரம் பழுப்பாக, தொட்டால் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். கத்தி இறங்கிய பக்கம் லேசாக உள்ளே மடிந்திருக்கும், வெளியேறிய பக்கம் விரல் ஓட்டினால் துளி பிசிறு தட்டும். அப்புறம் அதில் ஒரு ஓரத்தை வெட்டினார். வெள்ளை வெளேர் என்று வந்தது. நாலு ஓரத்தில் ஒன்று மட்டும் குளித்துவிட்டு வந்த மாதிரி.

தரம் போடுகிறவர்கள் பார்ப்பதும் இந்த மாதிரிதான். படம் நடுவில் இருக்கிறதா, மூலை, ஓரம், மேற்பரப்பு. நடு என்றால் இடது பக்கப் பார்டரும் வலது பக்கப் பார்டரும் ஏறக்குறைய 55-க்கு 45 என்ற கணக்குக்குள் நிற்க வேண்டும், அப்போதுதான் பத்து. மூன்று மில்லி மூன்று மில்லி பார்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டிங் அரை மில்லி விலகினால் மூன்றரையும் இரண்டரையுமாகி 58-க்கு 42 வந்துவிடும். பத்து போச்சு. அடுக்கி வெட்டும்போது அடிக் கட்டில் அரை மில்லி ஓடுவது எந்தப் பிரஸ்ஸிலும் நடக்கிறதுதான். அந்த அரை மில்லிதான் லட்சக்கணக்கில் விலையை ஏற்றி இறக்குகிறது. ஓவியர் மாதக்கணக்கில் வரைந்தது எல்லாக் கார்டிலும் ஒன்றுபோல இருக்க, விலையில் வித்தியாசம் காட்டுவது பாய் மாதிரி பெயர் தெரியாத ஒரு கட்டிங்காரரின் கை. எனக்கு இது இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

ஆடி பிறந்தது. ஆடியில் கல்யாணம் இல்லை, பத்திரிகை இல்லை. கூழ் வார்க்கிற நோட்டீஸ் கொஞ்சம் வரும், அவ்வளவுதான். முதலாளியிடம் கேட்டேன். ஸ்வீட் பாக்ஸ் ஆர்டரில் மிஞ்சிய 300 ஜிஎஸ்எம் கனத்த அட்டை கிடந்தது. "மெஷின் சும்மாதானே கிடக்கு, அடிச்சுக்கோ" என்றார்.

பாலாற்று மணலில் தம்பி மகனின் தெருவும் பக்கத்துத் தெருவும் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடுவார்கள். இரண்டு டீம், 22 பையன்கள். 15-க்கு 20 அங்குலத் தாளில், மெஷின் தாளைக் கவ்வுகிற கிரிப்பருக்கு இடம் விட்டு, கார்டுக்குக் கார்டு வெட்டு இடமும் விட்டால் ஐந்துக்கு ஐந்து, 25 கார்டு உட்காரும். மிச்சம் மூன்று கட்டம். ஒன்று அம்பயர் தாத்தாவுக்கு. ஒன்று இரண்டு டீமுக்கும் பொதுவான, கைப்பிடியில் சைக்கிள் ட்யூப் சுற்றிய பேட்டுக்கு. ஒன்று ஆற்றுக்கு. தண்ணீர் ஓடியபோது எடுத்த படம் தம்பியின் போனில் இருந்தது.

பின்பக்கக் கணக்கை அவர்களே உட்கார்ந்து முடிவு பண்ணினார்கள். ரன், விக்கெட், கேட்ச், தொலைத்த பந்து. கடைசிக் கணக்குக்குத்தான் அதிக நேரம் சண்டை நடந்தது. பழைய போக்கிமான் கார்டு மாதிரி மஞ்சள் பார்டர் வேண்டும் என்றான் தம்பி மகன். பாய் வேண்டவே வேண்டாம் என்றார். பார்டர் இருந்தால்தான் விலகல் கண்ணுக்குத் தெரியும், படத்தை ஓரம் வரைக்கும் ஓட விட்டால் தெரியாது. பையன் பிடிவாதம் பிடித்தான். நாலு மில்லி மஞ்சள் பார்டர் போட்டேன். பெயரை வெட்டுக் கோட்டில் இருந்து தள்ளி உள்ளே வைத்தேன். எல்லாம் முடிந்ததும் பக்கத்தில் வந்து காதோடு கேட்டான்: "அத்தை, என் கார்டை மட்டும் கம்மியா அடிக்க முடியுமா?" முடியாது, எல்லாரும் ஒரே தாள் என்று சொல்லிவிட்டேன்.

முன்பக்கம் நாலு கலர், நூறு தாள் நன்றாக வந்தது. ஒரு ராத்திரி காயவிட்டு, மறுநாள் காலை பின்பக்கம் கருப்பு மட்டும் ஏற்றினோம். நாற்பது தாள் போயிருக்கும். மெஷின் அண்ணன் ஒரு தாளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், நிறுத்திவிட்டார்.

தப்பு என்னுடையது. தாளைப் பக்கவாட்டில் திருப்பினால் இடது ஓரம் வலது ஓரமாகிவிடும். அதனால் பின்பக்க பிளேட்டில் வரிசையை மாற்றி வைக்க வேண்டும். 19 வருடத்தில் ஆயிரம் முறை செய்த வேலை. அன்றைக்கு முன்பக்க வரிசையிலேயே விட்டுவிட்டேன். முதல் பத்தியின் முதுகு ஐந்தாம் பத்திக்கும், இரண்டாவதின் முதுகு நாலாவதுக்கும் போய்விட்டது. நடுப்பத்தியில் இருந்த ஐந்து பேர் மட்டும் தப்பித்தார்கள். எங்கள் பையனின் முதுகில் அம்பயர் தாத்தாவின் கணக்கு. ரன் 0, விக்கெட் 0, கேட்ச் 1, தொலைத்த பந்து 0. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. முதலாளி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிளேட்டை மாற்றி மிச்சம் அறுபது தாளையும் சரியாக அடித்தோம். பாய் வெட்டி, பாக்கெட் காலண்டருக்கு மூலை மழுக்கும் மெஷினில் ஆயிரத்து ஐந்நூறு கார்டையும் கட்டுக் கட்டாகப் போட்டு எடுத்தார். கெட்ட நாற்பது தாளை ஓரமாக வைத்தார். பையன் அதில் ஒன்றைக் கேட்டான். எதற்கு என்றேன். சும்மா என்றான். பாய் அதையும் மூலை மழுக்கி வெட்டிக் கொடுத்தார்.

நான் அவனிடம் பேஸ்பால் வீரர் ஃபிராங்க் தாமஸ் கார்டைப் பற்றி எப்போதோ சொல்லியிருக்க வேண்டும். 1990-இல் டாப்ஸ் போட்ட கார்டில் ஒரு சின்னத் தொகுதியில் மட்டும் கருப்பு மை ஒரு இடத்தில் தடைப்பட்டு, அவர் பெயரே விழாமல் வந்துவிட்டது. பெயர் இருக்கிற கார்டு சல்லிசாகக் கிடைக்கும். பெயர் இல்லாத கார்டை ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குகிறார்கள். நான் மறந்துவிட்டேன், அவன் மறக்கவில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. தம்பி போன் பண்ணி, ஆற்றில் ஆட்டமே நடக்கவில்லை, எல்லாரும் மணலில் உட்கார்ந்து கார்டு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்றான். முதுகு மாறிய கார்டு ஒன்றுக்கு நல்ல கார்டு எட்டு கொடுக்கிறார்களாம். பேட்டின் முதுகில் வேகப்பந்து வீசும் பையனின் விக்கெட் கணக்கு விழுந்த கார்டுக்கு, எட்டு கார்டோடு ஒரு புது ஸ்டம்பர் பந்தும் பேசியிருக்கிறார்கள். நடுப்பத்தி ஐந்தை யாரும் சீண்டவில்லை. அவை தப்பே இல்லாத கார்டுகள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பக்கத்துத் தெரு டீமின் கீப்பர் பிரஸ்ஸுக்கு வந்தான். சின்னப் பையன், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். "அக்கா, தப்பா அடிச்சதுல என்னோடது ஒண்ணு கிடைக்குமா? ஒண்ணே ஒண்ணு போதும்" என்றான். முப்பத்தொன்பது தாள் இருக்கிறதே, ஒன்றைக் கொடுத்தால் என்ன என்று பாயைக் கூப்பிட்டேன். அவர் கட்டிங் மெஷினுக்குப் பின்னால் கையைக் காட்டினார். சாக்கு இருந்த இடம் பெருக்கித் துடைத்துக் கிடந்தது. காகிதக் கழிவு எடுக்கிறவர் திங்கட்கிழமையே வந்து எடை போட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தார்.